பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு: ஞாயிறு முதல் ஞாயிறு வரை

ஆலயப் பாடகர் குழுவில் சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "என் குரல் போதுமா?" என்றுதான். குழுத் தலைவர் மனதில் ஓடும் கேள்வி வேறு. இவர் வாரா வாரம் வருவாரா, பக்கத்தில் நிற்பவர் பாடுவது இவர் காதில் விழுமா என்றுதான் அவர் பார்ப்பார். சுதி விலகாமல் பாடி, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற சாதாரணக் குரல் இருந்தால் எந்தக் குழுவும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளும்.

ஆராதனையில் குழு பாடுவது மொத்தமாகக் கூட்டினாலும் அரைமணி நேரம் வருவது அபூர்வம். அதற்கான வேலை வாரம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அதில் வீட்டில் முடிக்க வேண்டியது ஒரு பங்கு, கூடிப் பாடும்போது செய்ய வேண்டியது இன்னொரு பங்கு. உங்கள் வரியின் ஸ்வரங்களை வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்துவிட வேண்டும். பயிற்சி நேரம் மற்றவர்களைக் கேட்பதற்கு. புதியவர்கள் பலர் ஸ்வரங்களைக் கற்கவே பயிற்சிக்கு வருகிறார்கள்; அதனால்தான் மாதக்கணக்கில் ஆகியும் பக்கத்துக் குரலில் சாய்ந்தே பாடுகிறார்கள். பயிற்சி நாள் சபைக்குச் சபை மாறும். வேலையின் வரிசை பெரும்பாலும் இப்படித்தான்.

சேரும்போது: எந்தப் பார்ட்?

வழக்கமான கலப்புக் குழுவில் நான்கு பார்ட்கள். பெண்களின் உயர்ந்த குரல் சோப்ரானோ, தாழ்ந்தது ஆல்டோ; ஆண்களின் உயர்ந்த குரல் டெனர், தாழ்ந்தது பேஸ். சிறுவர்களின் குரலைப் பெரும்பாலும் சோப்ரானோவில் சேர்ப்பார்கள். தலைவர் உங்களை ஒரு ஸ்கேல் (படிப்படியாக ஏறி இறங்கும் ஸ்வர வரிசை) பாடச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் பார்ப்பார். அப்போது எட்டிப் பிடித்த உச்ச ஸ்வரத்தை வைத்து உங்கள் பார்ட்டை முடிவு செய்யாதீர்கள். எந்த உயரத்தில் இருபது நிமிடம் சிரமமில்லாமல் நின்று பாட முடிகிறதோ அதுதான் உங்கள் இடம். மேலே ஒரே ஒரு 'ஏ' ஸ்வரம் எட்டுகிறது என்பதற்காக சோப்ரானோவில் நிற்கிறவர் மூன்றாவது பாட்டிலேயே களைத்துப்போவார்.

இசை எழுத்து வாசிக்கத் தெரியாதென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதனால் யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். குழுக்களில் இரண்டு முறைகள் புழங்குகின்றன. ஒன்று ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷன். மற்றது டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ என்பவற்றின் முதலெழுத்துகளை மட்டும் வைத்து எழுதும் டானிக் சோல்ஃபா. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை இதற்கு அடிப்படை போட்டார். ஜான் கர்வன் என்ற போதகர் அதை வளர்த்தெடுத்தார். இசைப் படிப்பு இல்லாத சாதாரண மக்கள் பார்த்த மாத்திரத்தில் பாட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஸ ரி க ம கற்றவருக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஸட்ஜத்தை எந்தச் சுதியிலும் வைத்துக்கொள்வதுபோல இதில் 'டோ' பாட்டுக்குப் பாட்டு இடம் மாறும். என் யோசனை: சோல்ஃபாவில் தொடங்குங்கள், ஆறேழு மாதத்தில் ஸ்டாஃபுக்கும் பழகிக்கொள்ளுங்கள். நான்கு பார்ட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க ஸ்டாஃப்தான் வசதி.

ஞாயிறு, ஆராதனை முடிந்தபின்

அடுத்த வாரப் பட்டியலை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அந்தப் பாடல்கள் ஏன் வந்தன என்று தெரிந்தால் பாதி வேலை சுலபமாகிவிடும். பல சபைகளில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. முதலாண்டில் மத்தேயு, அடுத்ததில் மாற்கு, மூன்றாவதில் லூக்கா நற்செய்தி முதன்மை பெறும்; யோவான் மூன்று ஆண்டுகளிலும் இடையிடையே வரும். கத்தோலிக்கரின் வாசகநூல் 1969இல் வந்தது. சீர்திருத்த சபைகள் பலவும் பின்பற்றும் திருத்திய பொது வாசகநூல் 1992இல் வெளியானது. தலைவர் அந்த வாசகத்தை ஒட்டித்தான் பாடல் தேடியிருப்பார். ஆகவே பாட்டுத் தாளைத் திறப்பதற்கு முன் அந்த ஞாயிற்றின் நற்செய்திப் பகுதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

திருச்சபை ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்தில் தொடங்குகிறது. சாம்பல் புதன் முதல் உயிர்ப்பு வரையிலான தபசு காலம், ஞாயிறுகளைக் கழித்துவிட்டால் நாற்பது நாள். வழிபாட்டு முறைமையுள்ள பல சபைகளில் இந்தக் காலம் முழுக்க 'அல்லேலூயா' பாட மாட்டார்கள். ஆனால் உங்கள் கோப்பில் உயிர்ப்பு ஞாயிற்றின் அல்லேலூயாக்கள் அப்போதே இருக்கும், பயிற்சியும் நடக்கும். ஆராதனையில் ஒரு காலம், பயிற்சியில் அடுத்த காலம் என்று வாழ்வது குழுவில் இருப்பவருக்கு விரைவில் பழகிவிடும்.

தாள் கைக்கு வந்ததும் பென்சிலால் மூன்று விஷயம் குறித்துவிடுங்கள். எந்தச் சரணம் எல்லாரும் ஒரே மெட்டில், எந்தச் சரணம் நான்கு பார்ட்டில். ஆண்கள் மட்டும் அல்லது பெண்கள் மட்டும் பாடும் சரணம் உண்டா. உங்கள் வரி எது. பேனாவோ வண்ண மார்க்கரோ வேண்டாம். மூச்சுக் குறிகள் பயிற்சியில் மாறும். மேலும் அந்தத் தாள் அடுத்த ஆண்டு வேறொருவர் கைக்குப் போகலாம்.

திங்கள்: சொற்கள் மட்டும்

ஞாயிற்றுக்கிழமை பாடிய குரலுக்கு இன்று ஓய்வு கொடுத்துவிட்டு, பாட்டின் சொற்களைச் செய்யுள் வாசிப்பதுபோல வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். ஒரு வரியின் முடிவில் வாக்கியம் முடியாமல் அடுத்த வரிக்குள் ஓடும் இடங்கள் தென்படும். அங்கெல்லாம் மூச்சு எடுக்கக் கூடாது. வரி முடிந்ததும் மூச்சிழுப்பது எல்லாருக்கும் உள்ள பழக்கம். கேட்பவருக்கு அதனால் அர்த்தம் நடுவில் அறுந்துபோகிறது.

ஞானப்பாட்டுப் புத்தகத்தில் மெட்டின் பெயருக்கு அருகே 8.6.8.6 அல்லது 8.8.8.8 என்று எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒவ்வொரு வரியிலும் எத்தனை அசை என்பதைச் சொல்கின்றன. ஒரே எண் கொண்ட இரண்டு பாடல்களின் மெட்டை மாற்றிப் பாடலாம். கடைசி நேரத்தில் "சொல் இதுதான், மெட்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று தலைவர் சொன்னால் திகைக்காமலிருக்க இந்த எண்கள் உதவும். மொழிபெயர்த்த பாடல்களில் இன்னொன்றையும் கவனியுங்கள்: குறில் எழுத்தொன்று நீண்ட ஸ்வரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தை வட்டமிட்டு வைத்தால், எப்படி உச்சரிப்பது என்று பயிற்சியில் கேட்டுக்கொள்ளலாம்.

செவ்வாய், புதன்: உங்கள் வரி

ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட தினமும் பதினைந்து நிமிடம் நன்றாக வேலை செய்யும். தொண்டையை முதலில் எழுப்புங்கள். உதடுகளைத் தளரவிட்டு 'ப்ர்ர்ர்' என்று அதிரவைத்தபடி மேலும் கீழும் வழுக்கிப் போவது நல்ல பயிற்சி. மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக முனகுவதும் அதே பலன் தரும். வாயைப் பாதி அடைத்துக்கொண்டு ஒலிக்கும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம், குரல்நாண்கள் ஒன்றோடொன்று முரட்டுத்தனமாக மோதாமல் காக்கிறது. மிடில் சி-க்கு மேலுள்ள 'ஏ'-வைப் பாடும்போது அந்த நாண்கள் நொடிக்கு 440 முறை மூடித் திறக்கின்றன. ஆயத்தமில்லாமல் அந்த வேலையை அவற்றின்மேல் சுமத்தக் கூடாது.

பிறகு இந்த வரிசையில் போங்கள். முதலில் ஸ்வரம் வேண்டாம். தாளத்தைக் கையால் தட்டிக்கொண்டு சொற்களைத் தாளத்தோடு சொல்லுங்கள். தாளம் உட்கார்ந்தபின் சொல்லை விட்டுவிட்டு, 'நூ' என்ற ஒரே ஒலியில் ஸ்வரங்களைப் பாடுங்கள். தடுமாறும் தாவலை மட்டும் தனியே எடுத்து, முன்னும் பின்னும் ஒரு ஸ்வரம் சேர்த்துத் திரும்பத் திரும்பப் பாடுங்கள். எப்போதும் முதல் வரியிலிருந்தே தொடங்கினால் முதல் வரி மட்டும்தான் பலமாகும். ஆகையால் கடைசி வரியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். சொற்களைக் கடைசியாகச் சேருங்கள்.

உங்கள் முதல் ஸ்வரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இப்போதே கண்டுபிடித்துவிடுங்கள். ஆர்கன் முன்வாசிப்பின் கடைசி நாதத்தில் அது இருக்கிறதா? சோப்ரானோவுக்கு ஒரு ஸ்தாயி கீழா? பேஸ் பாடி முடித்த ஸ்வரமா? இது தெரியாத ஆள், மற்றவர் தொடங்கும்வரை காத்திருந்து அரைத்தாளம் பிந்தி நுழைவார்.

பார்ட் பயிற்சி ஒலிப்பதிவுகள் இப்போது சுலபமாகக் கிடைக்கின்றன. பல தலைவர்கள் தாங்களே பாடி அனுப்புகிறார்கள். கேளுங்கள், ஆனால் அதோடு சேர்ந்தே பாடிப் பழகாதீர்கள். காதில் ஒலிப்பதைப் பின்தொடரப் பழகியவர் ஆலயத்திலும் யாரையாவது பின்தொடர்ந்தபடியே இருப்பார். ஒருமுறை கேட்டு, நிறுத்தி, தனியே பாடி, மறுபடி கேட்டுச் சரிபாருங்கள். தனியே பாட வந்தபின் சோப்ரானோ வரியைப் போனில் ஓடவிட்டு அதன்மேல் உங்கள் வரியைப் பாடிப் பார்க்கலாம். கலையாமல் முடித்தால் நீங்கள் பயிற்சிக்குத் தயார்.

ஆல்டோவுக்கும் டெனருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வரி பல நேரம் ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டிருக்கும். சுலபம் என்று தோன்றும் இடம் அதுதான், சுதி இறங்குவதும் அங்கேதான். அதே ஸ்வரம் திரும்ப வரும் ஒவ்வொரு தடவையும் மயிரிழை மேலே போவதாக நினைத்துப் பாடுங்கள். அப்போதுதான் இருந்த இடத்திலேயே இருக்கும். படிப்படியாக இறங்கும் வரியில் அடிகளைச் சிறிதாக வையுங்கள், ஏறும்போது தாராளமாக வையுங்கள்.

பயிற்சி மாலை

பத்து நிமிடம் முன்னால் வாருங்கள். கோப்பு, பென்சில், தண்ணீர் போதும். எங்கே நிற்பது என்று நீங்களாக முடிவு செய்யாமல் கேளுங்கள். நன்றாக வாசிக்கிற ஒருவருக்குப் பக்கத்தில், முடிந்தால் அவருக்குச் சற்று முன்னால் உங்களை நிறுத்துவார்கள். பின்னாலிருந்து வரும் உறுதியான குரல் புதியவருக்குப் பெரிய துணை.

கோப்பை மடியிலோ வயிற்றருகிலோ பிடிக்காமல் மார்புக்கு நேராகப் பிடியுங்கள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினால் தலைவரின் கை தெரிய வேண்டும். நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் அவர் கை கீழே, இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று போகும் (அவர் நிற்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்). மூன்றில் கீழே, வலப்பக்கம், மேலே. இவற்றைவிட முக்கியமானது பாட்டு தொடங்குவதற்கு முந்தின அசைவு. அந்த ஓர் அசைவில் வேகமும் இருக்கும், பலமும் இருக்கும், எல்லாரும் மூச்செடுக்க வேண்டிய கணமும் இருக்கும். அதைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிச்சயம் பிந்துவார். முதல் வரியை மட்டுமாவது மனப்பாடம் செய்துவிடுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

இனி கேட்பது பற்றி. சுற்றிலும் சத்தம் கூடும்போது மனிதர்கள் தங்களை அறியாமல் குரலை உயர்த்துவதை எத்தியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதி வைத்தார். பாடகர் குழுவில் இது அப்படியே நடக்கும். தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்று ஒருவர் உயர்த்துவார், அவரால் கேட்காமல் போன பக்கத்தவரும் உயர்த்துவார், இரண்டு நிமிடத்தில் மொத்தக் குழுவும் கத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவர் குரல் கேட்கவில்லையென்றால் உங்கள் குரல் அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். உங்கள் குரலே உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் உயர்த்தாமல், அரை அடி விலகி நின்று பாருங்கள். நெருக்கியடித்து நிற்கும் குழுவைவிட இடைவெளி விட்டு நிற்கும் குழுவில் ஒவ்வொருவருக்கும் தன் குரல் தெளிவாகக் கேட்கும்.

தலைவர் டெனரை மட்டும் பாடவைத்துத் திருத்திக்கொண்டிருக்கும் நேரம் உங்களுக்கு இடைவேளை அல்ல. அவர்கள் பாடும்போது உங்கள் வரியை மனதுக்குள் ஓட்டுங்கள். உங்கள் ஸ்வரமும் அவர்களுடையதும் எங்கே உரசிப் பிறகு எங்கே சேர்கின்றன என்று அப்போதுதான் புரியும். வீட்டில் தனியே கற்க முடியாத பாடம் அது. அந்த நேரத்தில் பேசிச் சிரிக்கும் குழு எத்தனை ஆண்டானாலும் நான்கு தனிப் பார்ட்களாகவே பாடிக்கொண்டிருக்கும்.

'அல்லேலூயா' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். முதல் அசை 'அல்'. நீண்ட ஸ்வரத்தில் இதைப் பாடும்போது பலர் நாக்கை உடனே மேலே ஒட்டி 'ல்'-இல் நின்றுவிடுவார்கள். ஒலி அங்கேயே நெரிந்துவிடும். 'அ'-விலேயே நின்று, அடுத்த அசை வரும் கணத்தில் 'ல்'லைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். 'லே'-இல் வாய் பக்கவாட்டில் இளித்தால் ஒலி தட்டையாகிறது, சுதியும் கீழே போகிறது. 'லூ'-வுக்கு உதடு குவிய வேண்டும்; பத்துப் பேர் பத்து விதமாகக் குவித்தால் ஸ்வரம் சரியாக இருந்தும் சுதி சேராததுபோலக் கேட்கும். கடைசி 'யா' வாய் அகலத் திறக்கும் இடம் என்பதால் தானாகவே பலமாகிவிடும். இசை அங்கே ஓய்ந்து முடிவதாக இருந்தால் கவனமாக அடக்க வேண்டும். 'ஆமென்' பாடும்போது 'மெ'-க்கு முன்பே சிலர் வாயை மூடி முனகத் தொடங்குவார்கள். இறுதி 'ன்' தலைவர் கை மூடும்போது எல்லாருக்கும் ஒன்றாக வர வேண்டும். 'கிறிஸ்து'வில் உள்ள 'ஸ்' ஆளுக்கொரு நேரத்தில் வந்தால் ஆலயம் முழுக்கச் சீறல் கேட்கும். இப்படி ஒரு சொல்லுக்காக இருபது நிமிடம் செலவழிக்கிற தலைவர் கிடைத்தால் நீங்கள் பாக்கியசாலி.

நீண்ட வரிகளில் மூச்சு போதாது. யாருக்கும் போதாது. குழு அதை மாற்றி மாற்றி மூச்செடுத்துச் சமாளிக்கிறது. பக்கத்தவர் எடுக்கும் இடத்தில் நீங்கள் எடுக்காதீர்கள். சொல் முடிவிலும் தாளக் கோட்டிலும் எடுக்காமல், நீண்ட உயிரொலியின் நடுவில் மெல்ல விலகி, நிதானமாக மூச்செடுத்து, அதே ஒலியில் மெல்ல நுழையுங்கள். திடுமென விட்டாலோ திடுமென நுழைந்தாலோதான் வெளியே தெரியும்.

வேதாகமச் சங்கீதங்களை ராகமாக ஓதும் சபைகளில் புதியவர்கள் மிகவும் திணறுவது அங்கேதான். ஆங்கிலிக்கன் முறையில் ஒற்றைச் சாண்டுக்கு (ஒரு வசனத்தை ஓதும் குறுமெட்டுக்கு) பத்தே நாதங்கள். வசனம் குட்டையோ நெட்டையோ, ஒரே ஸ்வரத்தில் பெரும்பகுதிச் சொற்களை ஓதிவிட்டு, குறி போட்ட அசைகளில்தான் ஸ்வரம் மாற வேண்டும். முதலில் எல்லாரும் சேர்ந்து பேச்சு வேகத்தில் அதை வாசியுங்கள். சேர்ந்து வாசிக்க வராத வசனம் சேர்ந்து பாடவும் வராது.

தவறாகப் பாடிவிட்டால் பாட்டை நிறுத்தி மன்னிப்புக் கேட்க வேண்டாம். பல குழுக்களில், தன் தவறு தனக்குத் தெரிந்துவிட்டது என்பதைக் காட்டக் கையைச் சற்று உயர்த்துவது வழக்கம். தலைவர் அந்த இடத்தைத் திரும்பவும் விளக்கி நேரம் செலவழிக்கத் தேவையிருக்காது. பக்கத்தில் நிற்பவரின் தவறைத் திருத்தும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

வெள்ளி, சனி

பயிற்சியில் தடுமாறிய இடங்களை மட்டும் அடுத்த நாள் பத்து நிமிடம் பாருங்கள். முழுப் பாட்டையும் எடுக்க வேண்டாம்.

தொண்டை கரகரத்தால் செருமிச் செருமிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு செருமலும் குரல்நாண்களை ஒன்றோடொன்று அறைகிறது. ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், அல்லது எச்சிலை விழுங்குங்கள். குரல் கம்மியிருந்தால் கிசுகிசுப்பதும் ஓய்வாகாது, பேசாமலிருப்பதுதான் ஓய்வு. பயிற்சி நாளன்றே குரல் போயிருந்தால் வராமல் இருந்துவிடாமல், வந்து உட்கார்ந்து, பாடாமல் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இருமலும் காய்ச்சலும் இருந்தால் மட்டும் வீட்டிலேயே இருங்கள், மற்றவர் தொண்டைக்காக. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

குடிக்கும் தண்ணீர் குரல்நாண்களைத் தொடுவதில்லை. அது உணவுக்குழாய் வழியே போய், ரத்தத்தில் கலந்துதான் அங்கே ஈரம் சேர்க்கிறது. பாடுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு அரை பாட்டிலைக் காலிசெய்தால் வயிறுதான் நிறையும். சனிக்கிழமை காலையிலிருந்தே குடித்து வாருங்கள். இரவு நன்றாகத் தூங்குங்கள். படுப்பதற்கு முன் கோப்பில் உள்ள தாள்களை ஆராதனை வரிசைப்படி அடுக்கிவிடுங்கள்.

ஞாயிறு காலை

எழுந்தவுடன் குரல் தடித்திருக்கும். சோப்ரானோவுக்கும் டெனருக்கும் இது இன்னும் தெரியும். வீட்டிலேயே ஐந்து நிமிடம் உதடதிர்வுப் பயிற்சி செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஆராதனைக்கு முந்தின ஒத்திகையில் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்ப்பது நல்லது. அங்கே முழுக்குரலில் எல்லாவற்றையும் பாடித் தீர்த்துவிடாதீர்கள்.

ஆலயத்தின் ஒலி பயிற்சி அறையின் ஒலி அல்ல. உயர்ந்த கூரையும் கல் சுவரும் உள்ள இடத்தில் நாதம் சில நொடிகள் தங்கி நிற்கும். அப்படியான ஆலயத்தில் மெய்யெழுத்துகளைக் கூராகச் சொல்லி, வரி முடிவை நீட்டாமல் விட வேண்டும். ஆட்கள் நிரம்பியதும் அவர்கள் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் அந்த எதிரொலி குறையும். ஒத்திகையில் கேட்டதுபோல ஆராதனையில் கேட்காவிட்டால் பயப்பட வேண்டாம்.

ஆர்கன் ஆலயத்தின் மறுகோடியில் இருந்தால் இன்னும் ஒரு சிக்கல். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 34 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயிலிருந்து வரும் நாதம் உங்களை அடைய நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதைக் காதால் கேட்டுப் பின்தொடர்ந்தால் பாட்டு ஒவ்வொரு வரியிலும் இழுபடும். அங்கே சுதிக்கு மட்டும் காது, தாளத்துக்குத் தலைவரின் கை. பாடிக்கொண்டே நடந்து உள்ளே வரும்போதும் இதே கதைதான். வரிசையின் முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் வெவ்வேறு நேரத்தில் கேட்பார்கள். உங்களுக்கு முன்னே போகிறவரின் நடையை வைத்துத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குழு தனியாகப் பாடும் ஆன்தத்துக்குத்தான் எல்லாரும் மிகவும் பாடுபடுகிறோம். ஆனால் குழுவின் முதல் வேலை சபையைப் பாடவைப்பது. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம், பாடகர் குழுக்களை ஊக்கமாக வளர்க்கச் சொல்லிவிட்டு, அதே இடத்திலேயே மக்கள் தங்கள் பங்கைப் பாட இடமளிக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. எந்தச் சபைக்கும் இது பொருந்தும் என்று நம்புகிறேன். ஞானப்பாட்டின் முதல் வரியைத் தயக்கமில்லாமல் எடுத்துக் கொடுங்கள். எல்லாருக்கும் கேட்கும்படி ஒன்றாக மூச்செடுத்தால் சபையும் கூடவே எடுக்கும். பாட்டு புதிதென்றால் முதல் சரணத்தை நான்கு பார்ட்டும் ஒரே மெட்டில் பாடுங்கள். கிளைகளை அப்புறம் விரிக்கலாம். நாம் அழகாகப் பாடியதைக் கேட்டு சபை வாயை மூடிக்கொண்டால் ஆராதனையில் ஒரு பங்கை அவர்களிடமிருந்து பறித்துவிட்டோம்.

பிரசங்கத்தின்போதும் ஜெபத்தின்போதும் உங்களைச் சபை முழுக்கப் பார்க்கிறது. அடுத்த பாட்டுத் தாளைத் தேடிப் புரட்டும் சத்தம் கடைசி வரிசைவரை போகும். தாளை முன்பே திருப்பி வைத்திருங்கள். ஆனால் பார்க்கிறார்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நீங்களும் ஆராதிக்க வந்தவர். வாசகத்தையும் பிரசங்கத்தையும் கேட்ட பிறகு பாடும் பாட்டு, கேட்காமல் பாடியதைப்போல இருக்காது. பாடுகிறவருக்கே அது தெரியும்.

நற்கருணை நேரத்தில் எத்தனை சரணம் பாட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வரிசை நீண்டால் திரும்பப் பாட வேண்டும், சுருங்கினால் பாதியில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு சரண முடிவிலும் தலைவரைப் பாருங்கள். நீங்களும் போய் வாங்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு பார்ட்டிலும் பாதிப் பேர் போக, மீதிப் பேர் பாடும்படி முன்பே பேசிக்கொள்ளுங்கள். மொத்த ஆல்டோவும் ஒன்றாக எழுந்துபோய்விட்டால் நடுவில் வெறுமை கேட்கும்.

நடுவில் இடம் தவறிவிட்டால் பாடுவதை நிறுத்திவிட்டு, அடுத்த வரியின் தொடக்கத்தில் நுழையுங்கள். ஊகித்துப் பாடும் ஒரு ஸ்வரம் இரண்டு பேரையாவது இழுத்துக்கொண்டு போகும்.

இடையில் வரும் அழைப்புகள்

திருமணத்துக்கு முன்கூட்டியே சொல்லி அழைப்பார்கள். அடக்க ஆராதனைக்கு முந்தின நாள் மாலையில்தான் செய்தி வரும், பயிற்சிக்கு நேரமிருக்காது. அதற்கான நான்கைந்து பாடல்களை எல்லாக் குழுவும் எப்போதும் தயாராக வைத்திருக்கும். சேர்ந்த மாதத்திலேயே அவற்றைக் கேட்டு வாங்கிக் கற்றுக்கொள்ளுங்கள். இறந்தவர் தெரிந்தவர் என்றால் தொண்டை அடைக்கும். துக்கத்தில் இறுகும் தொண்டையோடு அழுத்திப் பாடினால் குரல் உடையும். குடும்பத்தார் இருக்கும் பக்கம் பார்க்காமல் தலைவர் கையைப் பாருங்கள், மூச்சை வயிற்றுக்குள் ஆழமாக இறக்குங்கள், மெய்யெழுத்துகளில் கவனம் வையுங்கள். அப்படியும் முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், மற்றவர்கள் சுமப்பார்கள். இன்னொரு நாள் அவர்களுக்காக நீங்கள் சுமப்பீர்கள்.

எந்த ஞாயிறாவது வர முடியாது என்று தெரிந்தால், தெரிந்த அன்றே தலைவரிடம் சொல்லுங்கள். சிறிய குழுவில் இரண்டு டெனர்களில் ஒருவர் இல்லையென்றால் பாட்டையே மாற்ற வேண்டியிருக்கும். முந்தின ஞாயிறே தெரிந்தால் மூன்று பார்ட்டில் அமைந்த வேறொன்றை எடுத்துக் கொடுக்க அவருக்கு ஒரு முழு வாரம் கிடைக்கும். சனி இரவு தெரிந்தால் எல்லாரும் ஒரே மெட்டில் பாட வேண்டியதுதான்.